ஓரிரு இடங்களில் மழை

மே மாதம் பிறந்துவிட்டால் வானிலை அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: வெப்பச்சலனம் காரணமாக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும். அந்த ‘ஓரிரு இடங்களில்’ என்பதைக் கேட்டுச் சிரிக்காத டீக்கடை இல்லை. பெய்தாலும் தப்பித்துக்கொள்ளலாம், பெய்யாவிட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மழைமானிகளில் கால் பங்குக்கு மேற்படாமல் மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரை என்றால் ‘ஒரு சில இடங்கள்’. முக்கால் வரை ‘பல இடங்கள்’. கோடை மழை பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி, கத்திரி நாட்களில் மாலை ஐந்து மணிக்கும் வெறுங்காலை வைக்க விடாது. நான் சொல்லும் நாளில் அதைவிட மோசம். பகல் முழுக்க மேற்கிலிருந்து அனலாக அடித்த மேல்காற்று நான்கு மணிக்கு நின்றுபோனது. கொடியில் கிடந்த வேட்டி அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “இறுக்கமாக இருக்கிறது, மழை வரும் தம்பி” என்றார் அடுத்த மாடியில் வடகத்தை வாரிக்கொண்டிருந்த பெரியம்மா.

அவர் சொன்ன ‘இறுக்கம்’ ஒரு நல்ல அளவீடு. நடுப்பகல் வெயிலில் வியர்வை உடனே காய்ந்துவிடுகிறது, ஏனென்றால் மேல்காற்று வறண்டது. மாலையில் வியர்வை காயாமல் வழிகிறதென்றால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். அந்த ஈரம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வங்கக் கடலிலிருந்து வந்தது. வெயில் மட்டும் மழையைத் தராது. வெயிலோடு இந்த ஈரமும் சேர வேண்டும்.

தரை சூடானால் அதை ஒட்டிய காற்று சூடாகி, குமிழி குமிழியாக மேலே கிளம்பும். அறிக்கை சொல்லும் வெப்பச்சலனம் இதுதான். உயரே போகப் போக அழுத்தம் குறைவதால் குமிழி விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி. 40 டிகிரியில் புறப்பட்ட காற்று சுமார் 2 கி.மீ. உயரத்தில் தன் ஈரத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும். அங்கே மேகத்தின் அடிப்பாகம் தொடங்குகிறது.

அப்படியென்றால் மே மாதம் தினமும் மழை பெய்ய வேண்டுமே? பெய்வதில்லை, ஏனென்றால் மேலே ஒரு மூடி இருக்கிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வரும் வறண்ட, சூடான காற்று ஒரு படலமாகப் படிந்திருக்கும். கீழிருந்து போகும் குமிழி அந்தப் படலத்தைவிடக் குளிர்ந்திருந்தால் மேற்கொண்டு ஏற முடியாமல் அங்கேயே நின்றுவிடும். அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆடை படர்ந்திருக்கும் வரை பால் சாதுவாகத்தான் தெரியும். அடியில் ஆவி முட்டிக்கொண்டே இருக்கும். ஆடை ஓரிடத்தில் விலகியதும் மொத்தமும் பொங்கி அடுப்பை அணைக்கும். கோடை வானமும் அப்படித்தான். மூடி கெட்டியாக இருந்தால் நாளெல்லாம் வெந்ததுதான் மிச்சம். மூடியே இல்லாவிட்டால் வெப்பம் சேரச் சேரச் சிறு மேகங்களாகக் கரைந்துபோகும். பெருமழைக்கு, மாலை வரை தாக்குப்பிடித்து ஓரிடத்தில் மட்டும் கிழியும் மூடி தேவை.

எங்கே கிழியும் என்பதைச் சின்னச் சின்ன விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஜவ்வாது மலை, ஏலகிரி போன்ற குன்றுகளின் சரிவில் முட்டும் காற்று மேலே தள்ளப்படுவதால் அங்கே எளிதில் கிழியும். சென்னைப் பக்கம் கடல்காற்று உள்ளே நுழையும்போது அதன் முனை ஒரு கலப்பைக் கொழுவைப்போல வெப்பக் காற்றை நெம்பித் தூக்கும். அந்தக் கோட்டின்மேல் மேகம் எழும்பும். மற்றபடி பொட்டல் தரையில் இந்த ஏரிக்கரையா, அந்தப் பாறைக்காடா என்பதை எந்தக் கணினியும் காலையிலேயே சொல்லிவிட முடியாது.

மூடி கிழிந்த பிறகு நடப்பது கற்பனைக்கு மீறியது. நீராவி நீராக மாறும்போது, கடலில் ஆவியானபோது வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 600 கலோரி. அந்த வெப்பம் காற்றை மேலும் தூக்க, மேலும் நீராவி குளிர, மேலும் வெப்பம் வெளிவருகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அது மேகத்தில் விடுவித்த வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் சுமார் 70 லட்சம் யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற கணக்கில் 70,000 வீடுகளுக்குப் போதும். இந்த விசையில்தான் ஒரு மணி நேரத்துக்குள் மேகம் 12, 15 கி.மீ. உயரத்துக்கு நிமிர்ந்துவிடுகிறது.

தென்மேற்கே வானம் கருத்தது. மேகத்தின் உச்சி மட்டும் வெயில் பட்டுச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுப்பாக இருந்தது. 5 கி.மீ.க்கு மேலே எல்லாம் உறைநிலைக்குக் கீழே. அந்த வெளுத்த உச்சி முழுவதும் பனிப்படிகம். கீழே நாங்கள் 40 டிகிரியில் நின்றுகொண்டிருந்தோம். அங்கே பனிப்படிகங்களும் பனிக்குருணைகளும் மோதி உரசும்போது மின்னேற்றம் பிரிந்து மின்னல் பிறக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. பதினைந்து எண்ணினேன். ஐந்து கிலோமீட்டர். உண்மையில் அந்த நேரத்தில் மொட்டை மாடியில் நின்றதே மடத்தனம்.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது. மாடிக் கதவு படாரென்று அறைந்தது. செத்துக் கிடந்த வேட்டி எழுந்து பறந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் முகத்தில் ஒரு குளிர்ச்சி. ஒரு துளிகூட விழவில்லை. கோடை மழையில் எனக்குப் பிடித்த நிமிடம் இதுதான், மழையைவிட.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே வழியில்தான். மேகத்திலிருந்து விழும் துளிகள் கீழேயுள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகின்றன. ஆவியாவதற்கான வெப்பத்தைக் காற்றிலிருந்தே பிடுங்கிக்கொள்கின்றன. குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று தரையில் விழுந்து, கவிழ்த்த குடத்து நீரைப்போல நாலா பக்கமும் ஓடுகிறது. அதன் ஓரம்தான் எங்கள் கதவை அறைந்தது. வெப்பம் சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவதுண்டு. நம்மைக் குளிர்விப்பது பெரும்பாலும் நம்மேல் விழுந்த மழை அல்ல, தரைக்கு வராமலே காற்றில் கரைந்த மழை.

கீழே ஓடி, கைக்குக் கிடைத்த நேர்ச்சுவருள்ள எவர்சில்வர் டப்பாவைக் காலி செய்து கொண்டுவந்து மாடி நடுவே வைத்தேன். முதல் துளிகள் எட்டணாக் காசு அகலத்தில், இடைவெளி விட்டு விட்டு விழுந்தன. பெரிய துளிகள் முந்திக்கொள்வதற்குக் காரணம் எளிது. 5 மி.மீ. துளி விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, 1 மி.மீ. துளி 4 மீட்டர்தான். 2 கி.மீ. இறங்க முதலாவதற்கு 4 நிமிடம், இரண்டாவதற்கு 8 நிமிடத்துக்கு மேல். வருவதற்குள் சின்னது பாதி உலர்ந்தும் போய்விடும். (பெரிய துளியின் வடிவம் படங்களில் வரைவதுபோல் கண்ணீர்த் துளி அல்ல. காற்று கீழிருந்து அழுத்துவதால் அடி தட்டையான பன் ரொட்டி.)

மண் வாசனைக்கு 1964-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அதற்கு வெகு முன்பே சுட்ட மண்ணிலிருந்து அந்த மணத்தை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராக விற்றுவந்தார்கள். அந்த மணத்தின் முக்கியச் சரக்கு ஜியோஸ்மின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். துளி மண்ணில் மோதும்போது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கி, சோடாவில் போல மேலே வந்து வெடித்து மணத்தை வீசுகின்றன. 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். தூறலில்தான் இது அதிகம் நடக்கிறது, கொட்டும் மழையில் குறைவு. முதல் ஐந்து நிமிடத்தோடு வாசனை அடங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு கொட்டியது. ஒரே ஒரு ஆலங்கட்டி தண்ணீர்த் தொட்டி மூடியில் விழுந்து துள்ளியது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் பால் வெள்ளை, அதைச் சுற்றிக் கண்ணாடி. பார்த்து முடிப்பதற்குள் விரல் இடுக்கில் ஒழுகிவிட்டது.

நாற்பது நிமிடத்தில் ஓய்ந்தது. ஓயாமல் வழியில்லை. குளிர்காற்று தரையெங்கும் பரவியதும் மேகத்துக்குத் தீனி போட்ட சூடான காற்று அறுந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட இரவுப் போர் விமானங்களை 1946, 47-இல் ஃபுளோரிடாவிலும் ஒஹாயோவிலும் இடிமேகங்களுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் ஹொரேஸ் பையர்ஸும் ராஸ்கோ பிரகாமும் எழுதிவைத்த வரலாறு இதுதான்: வளரும், முதிரும், தன் மழையாலேயே கலையும். ஆனால் ஓடிப்போன அந்தக் குளிர்காற்று அடுத்த ஊரில் வெப்பக் காற்றை நெம்பினால் அங்கே புதிய மேகம் எழும்பும். எங்கள் மழை நின்று அரை மணி கழித்துக் வடகிழக்கே, பொன்னைப் பக்கம், மின்ன ஆரம்பித்தது.

டப்பாவில் பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்தி அளந்தேன். 32 மி.மீ. மறுநாள் செய்தியில் மாவட்ட மழை அளவுப் பட்டியலைத் தேடினேன். எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மழைமானி சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் எதிரே ‘இல்லை’ என்று போட்டிருந்தது. பெரியம்மாவிடம் சொல்லலாம் என்று மாடிக்குப் போனேன். அவர் வடகத்தை மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து, சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தேன் என்று வீட்டில் கேட்கும் குரல் வந்தது.