முடி நட்ட பிறகு தோலுக்குள் நடப்பது என்ன?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்து பெங்களூருக்கும், தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் சென்று, தலையில் முடி நட்டுக்கொண்டு அன்று மாலையே வீடு திரும்பிவிட முடிகிறது. திரும்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள்: குனியக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஹெல்மெட் போடக் கூடாது. ஏன் கூடாது என்பது பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. பிடுங்கி நடப்பட்ட மயிர்க்கால் புதிய இடத்தில் எப்படி உயிர் பிழைக்கிறது என்பது தெரிந்தால், அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

நடப்படுவது தனி முடி அன்று. ஒன்று முதல் நான்கு முடிகள் வரை சேர்ந்து வளரும் சிறு கொத்து. ஏறக்குறைய 1 மி.மீ. விட்டமுள்ள ஊசிமுனைக் குழலால் பின்தலையிலிருந்து அதை வேரோடு எடுக்கிறார்கள். முன்தலை முடியை மெலியவைக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனுக்குப் பின்தலை முடி எளிதில் பணிவதில்லை. இடம் மாறினாலும் முடி தன் பிறந்த இடத்துக் குணத்தையே காட்டும் என்பதை அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரண்ட்ரைக் 1959இல் எழுதினார். போச்சம்பள்ளி அருகே சந்தூர் மாங்கன்று நாற்றுப்பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: எந்த நாட்டுக்கன்றின் மேல் ஒட்டினாலும் பெங்களூரா ஒட்டு பெங்களூராவாகத்தான் காய்க்கும்.

ஆனால் எடுத்த கணமே அந்த மயிர்க்காலின் இரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் சுற்றியுள்ள திசுவில் கசியும் நீர்மத்திலிருந்தே ஆக்சிஜனையும் ஊட்டத்தையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. அதன் பிறகுதான் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுடன் இணையத் தொடங்குகின்றன. இதற்கு ஒரு வாரம் வரை ஆகும். அதுவரை அதைத் துளைக்குள் பிடித்து வைத்திருப்பது உறைந்த இரத்தத்தின் ஃபைப்ரின் இழைகள் மட்டுமே. சொறிந்தாலோ, கதவு நிலையில் தலை இடித்தாலோ கிராஃப்ட் (நட்ட முடிக்கொத்து) வெளியே வந்துவிடும். காயாமல் இருக்கச் சலைன் என்னும் உப்புக் கரைசலைத் தெளிக்கச் சொல்வதும் இதனால்தான். புகைபிடித்தால் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் அளவைக் குறைக்கிறது. ஊட்டத்துக்குத் தவிக்கும் மயிர்க்காலுக்கு இது பெரிய தீங்கு.

மூன்றாம் நாளில் நெற்றியும் கண்ணிமையும் வீங்கிப் பலரைப் பயமுறுத்தும். மரத்துப்போவதற்காகச் செலுத்திய மருந்தும் சலைனும் புவியீர்ப்பால் கீழிறங்குவதே இதற்குக் காரணம். தலையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறைவாக இருக்கும். சில நாட்களில் தானே வடிந்துவிடும்.

தலை கழுவுவதில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, ஷவரின் அடியில் நிற்காமல், குவளையால் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முடியின் அடியிலும் கடுகளவு பொருக்கு கட்டியிருக்கும். நகம் படாமல் நுரையைப் பரப்பிச் சிறிது நேரம் ஊறவிட்டால் பொருக்கு இளகும். ஒரு வாரம் கழிந்த பின் விரல்நுனியால் இலேசாக வருடினால் அது நீங்கும். முன்னதாகப் பிய்த்தால் அதனுடன் ஒட்டிய கிராஃப்டும் வரலாம். ஏறக்குறைய பத்தாம் நாளுக்குப் பிறகு அந்த அச்சமில்லை. ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீரின் கடினத்தன்மையால் சோப்பு நுரைக்காமல் படிவாக ஒட்டும் என்பதால், முதல் சில நாட்களுக்குக் கொதித்து ஆறிய குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது. நம் பக்கத்தில் வழுக்கைக்கே போர்த் தண்ணீரைக் குற்றம் சொல்லாதவர் குறைவு. ஃபுளோரைடு மிகுந்த நீர் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பது தருமபுரி மாவட்டம் பட்டறிந்த உண்மை. ஆனால் ஆண்களுக்கு நெற்றி ஏறிப்போவதற்குக் காரணம் பரம்பரையும் ஹார்மோனும்தான்.

ஹெல்மெட்டின் அழுத்தமும் உராய்வும் ஆறாத தோலுக்கு ஆகாது. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவது உயிருக்கே ஆகாது. ஆகவே மருத்துவர் அனுமதிக்கும்வரை பேருந்தில் செல்வதே வழி. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பாதுகாப்புத் தொப்பி அணிந்து வேலை செய்பவர்கள் அதற்கேற்ப விடுப்பை முன்பே திட்டமிட வேண்டும். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு காவிரியில் முங்கிக் குளிப்பதையும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும், சீயக்காய் தேய்ப்பதையும் குறைந்தது ஒரு மாதமாவது தள்ளிப்போட வேண்டும். திறந்த துளைகளுக்கு ஆற்று நீரின் கிருமிகளும், மசாஜ்காரரின் கைவலுவும் ஒருசேர ஆபத்து.

பிறகு வருவதுதான் மனத்தை மிகவும் சோதிக்கும் கட்டம். இரண்டாம் வாரம் முதல் இரண்டாம் மாதத்துக்குள் நட்ட முடிகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். தலையணையில் கிடக்கும் முடியின் நுனியில் வெண்ணிறக் குமிழ் ஒன்று தெரியும். அதைக் கண்டு வேரே வந்துவிட்டதென்று கலங்குவோர் பலர். அது பழைய முடித்தண்டின் அடிமுனை மட்டுமே. புது முடியை உருவாக்கும் செல்கள் தோலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. இடமாற்ற அதிர்ச்சியில் மயிர்க்கால் தன் ஓய்வுப் பருவத்துக்குள் சென்றுவிடுகிறது. அந்தப் பருவம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடிப்பது. இந்த இடைவெளியில் விளம்பரத்தைப் பார்த்து வாங்கித் தடவும் எந்தத் தைலமும் அதைச் சுருக்கிவிடாது என்பதே என் கருத்து.

மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய முடி முளைக்கும். அப்போது சிறு பருக்கள் தோன்றுவதும் உண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்ந்து, ஓராண்டில் அடர்த்தி தெரியும். உச்சந்தலைக்கு 18 மாதங்கள்கூட ஆகலாம். நட்ட முடி நின்றாலும் பக்கத்தில் இருக்கும் பழைய முடி தொடர்ந்து உதிரக்கூடும். அதனால்தான் மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைக்கிறார். பக்கவிளைவுகளைக் கேட்டறியாமல் அவற்றைத் தொடங்கக் கூடாது.

காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, நட்ட இடத்தில் கருத்துப்போகும் தோல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், பெங்களூர் செல்ல அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். சிகிச்சைத் தாளையும், தந்த மருந்துகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே சென்று காட்டிவிட்டு, அறுவை செய்த மருத்துவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும்.