கருவி வாங்கினால் அறிவியல் வந்துவிடாது

அண்மையில் ஒரு பள்ளியின் புதிய ஆய்வகத்தைக் காட்டினார்கள். திறன்பலகை இருந்தது, ரோபோ செய்யும் பெட்டிகள் உறை பிரிக்கப்படாமல் அடுக்கப்பட்டிருந்தன. அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இதே காட்சியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கரும்பலகையில் எழுதியதைத் திறன்பலகையில் காட்டுவது புதிய அணுகுமுறை ஆகாது.

கருவி மோகத்தைவிட என்னை அதிகம் வருத்துவது, சோதனையைக் கண்ணால் பார்த்தாலே மாணவருக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டும் விளக்கச் சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கே புரிதல் கூடியது. அவர்கள் கல்லூரி மாணவர்கள்தான். ஆயினும் பள்ளி வகுப்பறைகளிலும் நான் காண்பது இதுவே.

ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் இணைத்து, எது அதிகமாக ஒளிரும் என்று கேட்டுப் பாருங்கள். மின்கலத்துக்கு அருகில் உள்ள பல்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும், ஆகவே அடுத்தது மங்கலாக எரியும் என்று பல மாணவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். முதலில் பல்புகளை எரியவிட்டு, பிறகு விதியைச் சொன்னால், இந்த எண்ணம் வெளியே வராமலேயே தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடும். கணிப்பைக் காரணத்துடன் எழுதவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிட்டு, அதன் பின் மின்சுற்றை இணைத்துப் பல்புகளை எரியவிட்டால், இரண்டும் சமமாக ஒளிர்வதைக் கண்டு, மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை என்றால் தீர்வதுதான் என்ன என்று அவர்களே கேட்பார்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

கணினிப் பாடத்திலும் இதையே செய்யுங்கள்: நிரலை இயக்குவதற்கு முன், அது என்ன விடை தரும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகம் இல்லை என்று காரணம் சொல்லாதீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) பாவனைச் சோதனைகள், அதாவது கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றையும் ஆசிரியரே இயக்கிக் காட்டினால் பயன் இல்லை.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிக் கற்பித்தால் பாடப்பகுதி மெதுவாகத்தான் நகரும். அறிவியலுக்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள். பள்ளித் தேர்வில் காரணம் கேட்கும் வினாக்களைச் சேருங்கள். தவறான கணிப்புகளை ஒரு வகுப்பு முழுவதும் பேசவிட்ட ஆசிரியரை, பாடம் முடிக்கவில்லை என்று தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள்.