பனியன் கம்பெனியில் தொழில் எப்படிப் பரவுகிறது

பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷினைக் காசு கொடுத்தால் எந்த ஊரிலும் இறக்கிவிடலாம். நூலும் லாரி ஏறி எங்கும் போகும். அப்புறம் ஏன் இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்தே போகிறது?

ராபர்ட் சோலோ என்ற பொருளியலாளர் 1957-இல் ஒரு கணக்குப் போட்டார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பில் கிடைத்த உற்பத்தி இரு மடங்கானது. அதில் இயந்திரம், கட்டடம் போன்ற மூலதனத்தால் வந்தது எட்டில் ஒரு பங்குதான். மீதி எங்கிருந்து வந்தது? தியோடர் ஷூல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற பொருளியலாளர்கள் மனிதர்களைக் கைகாட்டினார்கள். படிப்புக்கும் பயிற்சிக்கும் உடல்நலத்துக்கும் ஆகும் செலவும் முதலீடுதான். அதுவே மனித மூலதனம்.

சான்றிதழ்களை மட்டும் எண்ணினால் திருப்பூர் பிடிபடாது. வேலைக்குப் புதிதாக வருபவர் டைலர் பக்கத்தில் நின்று துணியை எடுத்தும் மடித்தும் கொடுப்பார். கைமடி என்பார்கள். மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் மிதித்துப் பார்ப்பார். பின்னல் துணி இழுத்தால் நீளும். எவ்வளவு இழுத்துப் பிடித்தால் தையல் சுருங்காது என்பதைச் சொல்லித் தர முடியாது, கைதான் கற்க வேண்டும். கற்றவர் கூடுதல் கூலி கிடைத்தால் அடுத்த கம்பெனிக்குப் போவார். பழைய முதலாளிக்கு நஷ்டம், ஊருக்கு லாபம். கற்றது கூடவே போகிறது அல்லவா? சிலர் நாலு மெஷின் போட்டு முதலாளியும் ஆனார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் தொழில் நுணுக்கம் காற்றிலேயே கலந்திருக்கும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1890-லேயே எழுதினார்.

2020 ஊரடங்கில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். மெஷின்கள் அப்படியே இருந்தன. ஆர்டர் திரும்ப வந்தபோது தைக்க ஆள் போதவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. கற்றவர் போய்விடுவார் என்றால் பயிற்சிக்கு யார் செலவு செய்வார்? ஒரு காலத்தில் கைமடிக்கு நின்றவர்களில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள். ஊரின் வளர்ச்சிக்கான பயிற்சிச் செலவை அந்தப் பிள்ளைகள் தங்கள் படிப்பால் கட்டினார்கள். பலன் ஊருக்கே என்றால் செலவையும் ஊர்தான் ஏற்க வேண்டும்: அரசும் முதலாளிகளும் சேர்ந்து, சம்பளத்தோடு, பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு.