தார் ரோட்டுக்குள் நாலு சதவீதம் காற்று

மழை விட்ட மறுநாள், ரோட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ஜல்லியில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பல சமயம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும், தார் ஒட்டியிருந்த சுவடே தெரியாது. லாரிச் சக்கரம் பெயர்த்தது என்று நினைப்போம். பெயர்த்தது சக்கரம்தான். அதற்கு முன்பே கல்லையும் தாரையும் பிரித்து வைத்தது தண்ணீர்.

(தார் என்பது வாய்ப்பழக்கம். அசல் தார் நிலக்கரியிலிருந்து வருவது. இன்று ரோட்டுக்குப் போவது, கச்சா எண்ணெயை வடித்த பிறகு அடியில் தங்கும் பிட்டுமன்.)

கல்லுக்கு பிட்டுமனைவிடத் தண்ணீர் மீதுதான் ஒட்டுதல் அதிகம். சிலிக்கா மிகுந்த கிரானைட்டில் இது இன்னும் மோசம், சுண்ணாம்புக்கல்லில் குறைவு. உள்ளே புகுந்த நீர் ஓரத்திலிருந்து மெல்ல நுழைந்து பிட்டுமனைத் தள்ளுகிறது. மேலே ஓடும் ஒவ்வொரு சக்கரமும் அந்த நீரை அழுத்தி, விட்டு, பம்பு அடிப்பதுபோல் வேலையைத் துரிதப்படுத்துகிறது.

சரி, நீர் புக இடமே இல்லாமல் போட்டுவிட்டால்? அதுவும் ஆகாது. கத்திரி வெயிலில் பிட்டுமன் விரியும். விரிய இடமில்லை என்றால் மேலே கசிந்து ரோடு வழுக்கும், சக்கரத் தடம் பள்ளமாக அமுங்கும். அதனால் கலவைக்குள் 3 முதல் 5 சதவீதம் காற்று வேண்டும். பெரும்பாலும் 4-ஐ இலக்காக வைக்கிறார்கள்.

இந்த அளவைப் பிடிக்க இந்தியாவில் இன்றும் அதிகம் கைகொடுப்பது மார்ஷல் சோதனை. 1930-களின் கடைசியில் அமெரிக்காவின் மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையில் இருந்த புரூஸ் மார்ஷல் உருவாக்கியது. போர்க்காலத்தில் விமான ஓடுதளங்களுக்காக ராணுவப் பொறியாளர்கள் மெருகேற்றினார்கள். சுமார் 10 செ.மீ. அகலமுள்ள அச்சில் சூடான கலவையைப் போட்டு, நாலரைக் கிலோ சுத்தியலை ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழவைத்துப் பக்கத்துக்கு 75 முறை தட்டுகிறார்கள். கிடைக்கும் வில்லையை 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பக்கவாட்டில் நசுக்குகிறார்கள். எவ்வளவு சுமை தாங்கியது என்பது ஒரு கணக்கு. உடையும் முன் எத்தனை மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. கொஞ்சமும் கொடுக்காத ரோடு விரிசல் விடும், அதிகம் கொடுப்பது தடம் பதியும். இவற்றோடு காற்றின் அளவும் சரியாக அமைய, பிட்டுமனை அரை அரை சதவீதமாகக் கூட்டி இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

ஆனால் சுத்தியல் வேறு, சக்கரம் வேறு. அதனால் தடம் பதிவதைப் பார்க்க, சிறு சக்கரத்தைச் சூடான கலவைப் பலகைமேல் ஆயிரக்கணக்கான முறை ஓட்டும் சோதனை தனியாக உண்டு. நீருக்கும் தனிச் சோதனை: ஊறிய வில்லை, ஊறாத வில்லையின் இழுவலுவில் (இழுத்தால் பிளக்காமல் தாங்கும் வலுவில்) 80 சதவீதமாவது காட்ட வேண்டும்.

கல் - நீர் உறவை உடைக்க மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட வழி எளிமையானது. பிளாஸ்டிக்கை பிட்டுமனில் கலந்தால் பிரிந்துவிடும். அவர் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லிமேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினார். அது உருகி மெல்லிய தோலாகக் கல்லைப் போர்த்தி நுண்துளைகளை அடைத்தது. பிட்டுமன் அதன்மேல் நன்றாகப் பிடித்தது. பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் அமிலப் புகை விடும். 2013-ல் இந்திய சாலைக் காங்கிரஸ் (ரோட்டுக்கான தரவிதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு) இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

கலவை எவ்வளவு நல்லதானாலும் ரோலர் தாமதித்தால் போச்சு. ஏறக்குறைய 90 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. காற்று 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீருக்கு வழியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் புது ரோட்டில் உருளையாக ஒரு துண்டைத் துளையிட்டு எடுக்கிறார்கள். காற்றில் ஒரு எடை, தண்ணீரில் ஒரு எடை. ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்கில் அடர்த்தி தெரிந்துவிடும், அதிலிருந்து உள்ளே இருக்கும் காற்றும். புது ரோட்டில் சிறு தட்டளவு வட்டமாக ஒட்டுப் போட்ட இடம் கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் இந்தத் துண்டை எடுத்த குழிதான்.