காய்ச்சல் விடலையா? உடம்புல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க

மழை விட்டு பனி ஆரம்பிக்கிற மாசங்கள்ல எங்க ஆஸ்பத்திரி வார்டுக்கு நிறைய பேர் ஒரே கதையோட வர்றாங்க. ஒரு வாரமா காய்ச்சல், தலை பிளக்குது, மெடிக்கல்ல சொல்லி வாங்கின மாத்திரை போட்டாச்சு, ஊசியும் போட்டாச்சு, டெங்கு நெகட்டிவ், டைஃபாய்டும் இல்ல, ஆனா காய்ச்சல் இறங்கவே இல்ல. இவங்கள்ல பல பேருக்கு கடைசியில ஸ்க்ரப் டைபஸ், அதாவது சின்னப் பூச்சி கடிச்சுப் பரவுற உண்ணிக் காய்ச்சல்னு தெரிய வருது.

இதைப் பரப்புறது நாய், மாடு மேல ஒட்டிட்டு இருக்குமே, அந்த உண்ணி இல்ல. புதர்லயும் புல்லுலயும் இருக்கிற ஒரு பூச்சியோட குஞ்சு, கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். வளர்ந்த பூச்சி மண்ணுலயே கிடக்கும், நம்மளக் கடிக்காது. குஞ்சுதான் எலி மேல ஒட்டி சாப்பிடும், நாம அந்தப் பக்கம் போனா நம்ம மேலயும் ஏறிடும். கிருமி தாய்ப்பூச்சியோட முட்டை வழியாவே குஞ்சுக்குப் போயிடுது, அதனால எலிய ஒழிச்சிட்டா தீர்ந்துச்சுன்னு இருக்க முடியாது.

கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது, அதனாலயே யாரும் கவனிக்கிறதில்ல. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழன்னு மறைவான இடமா பாத்து இருக்கும். புல்லு அறுக்கப் போற ஒரு அம்மா மூச்சு வாங்கிட்டே வந்தாங்க, கையில ஒரு ஃபைல் நிறைய ரிப்போர்ட். இடுப்பைப் பாக்கணும்னு சொன்னா, "பாவாடை நாடா இறுக்கின தழும்பு டாக்டரம்மா, வேற ஒண்ணுமில்ல"ன்னாங்க. அதுதான் அந்தப் பொருக்கு. டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சோம், ரெண்டாவது நாளே காய்ச்சல் விட்டுடுச்சு.

இவ்வளவு மலிவான மருந்து இருந்தும் உயிர் போகுதேங்கிறதுதான் என் ஆதங்கம். இந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ள போய் வளரும், அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் மாதிரி வழக்கமா கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் எல்லாம் இதுகிட்ட எடுபடாது, அதைப் போட்டுட்டு நாளைக் கடத்தினா நுரையீரல், கிட்னி, மூளைன்னு ஒவ்வொண்ணா பாதிக்கும். அந்த அளவுக்கு முத்திட்டா டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசின்ங்கிற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து நரம்பு வழியா ஏத்தினா நல்ல பலன் இருக்குன்னு 2023ல வேலூர் சிஎம்சி டாக்டர்ங்க முன்னின்று நடத்தின ஆய்வு காட்டுச்சு. கர்ப்பிணிங்களுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம்.

பொருக்கு எல்லாருக்கும் வராது, முதல் சில நாள்ல ரத்த டெஸ்டும் நெகட்டிவா வரலாம். அதனால அஞ்சு நாள் தாண்டின காய்ச்சல்னா, கடந்த மூணு வாரத்துல வயல், தோப்பு, புதர்ப்பக்கம் போயிருந்தா டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்க. காட்டு வேலை முடிஞ்சு வந்ததும் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு, போட்டிருந்த துணிய சுடுதண்ணியில அலசுங்க, துவைச்ச துணிய புல்லு மேல, செடி மேல காயப்போடாதீங்க.