ஸ்கிஃபானோவின் பேரீச்சையும் பென்சில் எண்ணும்

தாளில் உள்ள ஓவியங்களையும் அச்சுகளையும் செப்பனிடுவது என் தொழில். சென்ற மாதம் ஒருவர் சட்டமிட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தார். இத்தாலிய ஓவியர் மாரியோ ஸ்கிஃபானோவின் பேரீச்சை மரங்கள். திரையச்சு என்று நம்பி இணைய ஏலத்தில் எடுத்ததாம். இடது மூலையில் பென்சிலில் 12/100, வலது மூலையில் கையெழுத்து. தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரித்துத் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. பிரித்தேன். பழக்கதோஷத்தில் 10 மடங்கு லென்ஸை மரத்தின்மேல் வைத்தேன். பச்சை ஓலையில் பச்சையே இல்லை. நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் பூப்பூவாகக் கூடி நின்றன. நாள்காட்டி அச்சடிக்கும் அதே ஆஃப்செட் எந்திர அச்சு.

திரையச்சு அப்படி இருக்காது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குச் செய்யும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் அதுவும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே ரப்பர் பட்டையால் மையைத் தள்ளுவார்கள். பெரும்பாலும் நிறத்துக்கு ஒரு திரை. எட்டு நிறமென்றால் ஒவ்வொரு தாளும் எட்டு முறை திரையடியில் போய்வர வேண்டும். மை தாளின்மேல் கனமாகப் படியும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிறம் இன்னொன்றின்மேல் ஏறும் விளிம்பு தெரியும். புகைப்படத்திலிருந்து எடுத்த திரையிலும் புள்ளிகள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அவை வழக்கமாகப் பெரியவை, ஒவ்வொன்றும் திட்டாக நிற்கும்.

ஸ்கிஃபானோ 1934இல் லிபியாவின் ஹோம்ஸ் நகரில் பிறந்தவர். இளமையில் தந்தையோடு ரோமின் வில்லா ஜூலியா எட்ருஸ்கன் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் செப்பனிட்டவர். எங்கள் தொழில்காரர் என்று எனக்கு ஒரு சின்னக் கர்வம். 1960 வாக்கில் தாளில் பளபளக்கும் எனாமலைப் பூசி ஒற்றை நிற ஓவியங்கள் செய்தார். பிறகு கோகோ கோலா, எஸ்ஸோ பெட்ரோல் விளம்பரப் பலகைகளின் துண்டுகள் அவர் படங்களில் வந்தன. 1962இல் நியூயார்க்கின் சிட்னி ஜானிஸ் ஓவியக்கூடத்தில் அமெரிக்க பாப் ஓவியர்கள் வார்ஹோல், லிக்டென்ஸ்டைன் படங்களோடு அவர் படமும் தொங்கியது. 1998இல் ரோமில் இறந்தார். ஏராளமாக, அதுவும் மிக வேகமாக வரைந்தவர்; ஒரே நட்சத்திரத்தையும் ஒரே பேரீச்சையையும் மறுபடி மறுபடி வரைந்தவர். போலி செய்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இத்தாலியில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் ஓவியர்களில் அவர் ஒருவர்.

எண்ணுக்கு வருகிறேன். 12/100 என்றால் உலகில் நூறே பிரதிகள் என்று வாங்குபவர் நம்புகிறார். அந்த நூறுக்கு வெளியே ‘p.d.a.’ என்று குறித்த ஓவியரின் பிரதிகள் இருக்கும். ரோமன் எண்ணிட்ட தனி வரிசையும் பல நேரம் இருக்கும். பன்னிரண்டாவதாக அச்சானது என்றும் பொருளில்லை. காய்ந்து அடுக்கிய தாள்களில் கைக்கு வந்த வரிசையில்தான் எண் விழும். போலியில் எழுதுவதற்கு மிக எளிதான பகுதியும் அந்த எண்தான். ஆகவே நான் மையைப் பார்ப்பேன், தாளைப் பார்ப்பேன், அச்சகத்தின் அழுத்து முத்திரை இருக்கிறதா என்று ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். எண்ணைக் கடைசியில்தான் படிப்பேன்.

படம் கொண்டுவந்தவரிடம் இருந்த சான்றிதழ் விற்றவரே அடித்துக் கொடுத்த ஒரு தாள். அச்சிட்டவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, எந்த முறையில் அச்சானது என்பதும் இல்லை. இத்தாலியில் கலைப்பொருள் விற்பதைத் தொழிலாகக் கொண்டவர், அது அசல் என்பதற்கோ, குறைந்தது யாருடையதாக இருக்கக்கூடும், எங்கிருந்து வந்தது என்பதற்கோ ஆவணம் தந்தாக வேண்டும். 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின் 64ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேளுங்கள். கராபினியேரி காவல்படையில் 1969 முதல் கலைப்பொருள் குற்றங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

“அப்படியானால் கையெழுத்தும் பொய்யா?” என்று கேட்டார். அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஓவியர்கள் ஆஃப்செட் சுவரொட்டியிலும் கையெழுத்திடுவதுண்டு. இது திரையச்சு அல்ல என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். படத்தைத் திரும்பச் சட்டமிடச் சொன்னார். இம்முறை கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அமிலமற்ற அட்டை வைத்து மாட்டினேன்.