நடந்தாள், பேசினாள், ஆனால் நினைவில்லை: எப்படி?

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “விருந்தில் குடித்த பெண்ணை ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு பற்றி வீட்டில் பேச்சு வந்தது. ‘தன் காலாலதான் நடந்து போயிருக்கா, நல்லாப் பேசியிருக்கா. இப்போ ஞாபகம் இல்லைன்னா யாரு நம்புவா?’ என்கிறார் சித்தப்பா. அப்படி நடக்குமா?”

நடக்கும். குடித்தது ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போவது தெரிந்த கதைதான். பெண்ணுடலில் நீரின் பங்கு சராசரியாகக் குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாகச் சேரும். வெறும் வயிறு என்றால் இன்னும் வேகம்.

சரி, மூளைக்குள் போவோம். காதுகளுக்கு நேர் உள்ளே ஹிப்போகாம்பஸ் என்ற சிறு வளைந்த பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளால் செய்தி அனுப்புகின்றன. அதை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்தால்தான் இணைப்பு வலுப்படும்; இப்போது நடப்பது நாளைக்கு நினைவில் நிற்கும். ஆல்கஹால் இந்த ஏற்பிகளை மறிக்கிறது. கூடவே, அணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் கையை ஓங்கச் செய்கிறது. ஆனால் சில நிமிட நினைவு வேறு வழியில் ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பெயரைக் கேட்கிறார், பணத்தை எண்ணுகிறார், பதிலும் சொல்கிறார். பேனாவில் மட்டும் மை இல்லை. எதிரே நிற்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றும்.

1970-இல் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வின் இதைச் சோதித்துப் பார்த்தார். நிறையக் குடித்தவர்களிடம் சிலவற்றைக் காட்டி, 2 நிமிடம் கழித்துக் கேட்டால் சரியாகச் சொன்னார்கள். அரைமணி நேரம் கழித்துச் சிலரால் சொல்லவே முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை.

எழுதப்படாததை எப்படிப் படிப்பது? அதனால்தான், “நல்லா யோசிச்சுப் பாரு” என்று அந்தப் பெண்ணை நெருக்குவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. நெருக்கினால் மூளை இடைவெளியை ஊகத்தால் நிரப்பும். அப்புறம் அந்த ஊகத்தையே முரண் என்று காட்டி அவளைப் பொய்காரி ஆக்குவார்கள்.

“போதையில தெரியாம செஞ்சுட்டான்” என்று அவனுக்கு இரங்கும் அதே வாய், “அவ எதுக்குக் குடிச்சா?” என்கிறது. தானாகக் குடித்தவனுக்குப் போதை சாக்கு ஆகாது என்பது 1860-இன் தண்டனைச் சட்டத்திலேயே உண்டு. போதையில் விளைவு புரியாத நிலையில் சொன்ன சம்மதம் சம்மதமே இல்லை என்பது பாலியல் வன்கொடுமைப் பிரிவில் 1983 திருத்தத்தில் சேர்ந்தது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹால் குறையும். பயந்து ஒரு நாள் தள்ளிப் போனால், ரத்தச் சோதனையில் ஆல்கஹால் மிஞ்சாது. சீக்கிரம் மருத்துவமனைக்குப் போகத் துணை வருபவர்தான் அவளுக்கு வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், முதலுதவியும் சிகிச்சையும் உடனே இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். வழி கேட்க பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.